நாலாம் கம்பம்

சித்திரை (ஏப்ரல்) 3, புதன்

இந்தக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் சரி, இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். ஒருவருக்கும் காட்டாதீர்கள். மாமிக்குக் காட்டினால் அடிப்பா. பெரிய மாமாவுக்குக் காட்டினால் அடிக்க மாட்டார். பஸ் ஏற்றி மண்டூருக்கு அனுப்பிவிடுவார். பத்தாம் வகுப்பு அதோடு சரி. கையெடுத்துக் கும்பிடுகிறேன். எடுத்த இடத்திலேயே, உமி மூடைக்குள், சுவர்ப் பக்கமாகத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பகல் முழுக்க வெயில். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை. உழுந்து அரைத்தேன். மாமியின் சீலை இரண்டு மினுக்கினேன். ஒன்றில் சின்னக் கருகல். மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

நான் படுப்பது பெ.மா. வீட்டுச் சாமான் அறையில். (பெ.மா. என்றால் பெரிய மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். முழுதாக எழுதக் கை கூசுகிறது.) செங்கலடியில் அவரைப் போடியார் என்பார்கள். கரடியனாற்றில் வயல், சந்தியில் நெல் மில், ஊர்ச் சங்கத்தில் தலைவர் கதிரை.

இன்று சங்கக்காரர் இரண்டு பேரும் புது டொக்டரும் விறாந்தைக்கு வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்த காசில் ஊருக்கு ஒரு வைத்திய உதவி. இரத்தக் குழாய் அடைக்கிற வருத்தம் இந்தப் பக்கத்தில் கூடிவிட்டதாம். முற்றுவதற்கு முதலே ஆளைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனை நல்லது என்று பேச்சு. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

பெ.மா.: "கொழும்பில இருந்து ஈ.சி.ஜி மெசின் ஒண்டு எடுப்பம். பித்தளைத் தகட்டில சங்கத்துப் பேர் வெட்டி வைப்பம்."

சங்கத்துப் பேர் என்றால் அவருடைய பேர்.

டொக்டர்: "மெசின் நல்லதுதான் போடியார். ஆனா அது நெஞ்சத்தான் எழுதும். காலில அடைச்சத எழுதாது."

"அப்ப ஆக்களக் கொழும்புக்கு அனுப்புவம். மருந்து ஏத்திப் படம் பிடிக்கிறாங்களாமே?"

"ஆர அனுப்புற? ஊர் முழுக்கவா? அது குழாய்க்க ஊசி குத்திற வேல. வெட்டித் திருத்தப் போற ஆளுக்குத்தான் அது. முதல்ல சுளகால புடைக்கணும், மறுகாத்தான் அரிதட்டு. என்ட சுளகு ரெண்டு விரலும் ஒரு கேள்வியும். காசில்ல."

"என்ன கேள்வி?"

"ரோட்டால நடந்து போனா எத்தினையாம் தந்திக் கம்பத்தில கால் நோகுது? நிண்டா நோவு போகுதா? திரும்ப நடந்தா அதே தூரத்தில திரும்ப வருதா?"

கோப்பை கையிலிருந்து நழுவிவிட்டது. பெ.மா. வேட்டியில் தேத்தண்ணி. உள்ளேயிருந்து மாமி, "கண் முதுகிலயா இரிக்கு உனக்கு?"

எத்தினையாம் கம்பம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்.


சித்திரை 4, வியாழன்

நித்திரை இல்லை. மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன்.

அப்பா மண்டூரில் தபால்காரர். தபால் தோணியில் துறைக்கு வரும். மணலில் சைக்கிள் ஓடாது, நடைதான். நான் இங்கே வருவதற்கு முந்தின வருடம் இடது கெண்டைக்காலில் நோவு தொடங்கியது. தபால் கந்தோரிலிருந்து சரியாக நாலாம் கம்பம். அங்கே நிற்பார். கொஞ்ச நேரத்தில் நோவு போய்விடும். பிறகு இன்னும் நாலு கம்பம், திரும்ப நிற்பார்.

முதல் நாலாம் கம்பம் ஒரு விதவைப் பெண்ணின் படலை வாசலுக்கு நேரே.

ஊர் சிரித்தது. "தபால்காரருக்கு அங்க ஒவ்வொரு நாளும் என்ன தபால்?"

பெ.மா.வுக்குக் கதை போனது. தோணி ஏறி வந்தார். வாசலில் நின்று, அம்மாவுக்கும் அயலுக்கும் கேட்க, "தங்கச்சி, உன்ட மனுசனுக்கு நோவு காலில இல்ல, கண்ணில" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா அந்தக் கம்பத்தில் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தாம் கம்பம் வரை, ஆறாம் கம்பம் வரை. ஒருநாள் நான் பின்னால் போனேன். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. வெயில் ஏறாத நேரம்.

ஆசுபத்திரிக்குப் போகப் பெ.மா. விடவில்லை. "இது வாதம். மணல வறுத்துச் சீலயில முடிஞ்சு ஒத்தடம் குடு." தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் இல்லை. அப்பா, "சூடு தெரியல்ல மச்சான்" என்றார். "தெரியல்ல எண்டா இன்னும் சூடாக்கு."

இன்னும் சூடாக்கியது அம்மா. முடிச்சைப் பிடித்து அழுத்தியது நான்.

நான்தான் பிடித்தேன். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தோல் வெந்தது. ஆறவில்லை. கறுத்தது. பெரியாசுபத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். பிந்திவிட்டது என்று சொன்னார்களாம்.

பிறகு பெ.மா. என்னை இங்கே கூட்டி வந்தார். "புள்ளய நான் படிப்பிக்கிறன்." ஊரெல்லாம் புகழ்ந்தது. இரண்டு வருடமாக அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவர் விழ வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். எந்தக் கோயிலுக்கு என்று எழுத மாட்டேன்.


சித்திரை 6, சனி

பள்ளிக்கூட மண்டபத்தில் சோதனை. டொக்டரின் வழியை ஒருநாள் பார்ப்போம் என்று சங்கம் சம்மதித்தது. எந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது என்று 23ஆம் தேதிக் கூட்டத்தில் முடிவு. நான் பேர் எழுதப் போனேன்.

டொக்டர் காற்சட்டையோடு நிலத்தில் குந்திவிட்டார். வரிசையில் முதல் ஆள் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ டொக்டர், நீங்க போய் என்ட காலத் தொடுறதா!"

"நான் கும்பிடல்ல அண்ணே, நாடி பாக்கிறன். கையில பாத்தா மட்டும் போதுமா? கால் உங்கட கால் இல்லயா?"

மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு கால்கள் வந்தன. சேற்றுக் கால், வெடித்த கால், மீன் முள் குத்திய கால். எல்லாவற்றையும் தொட்டார்.

பெண்கள் மாட்டோம் என்றார்கள். ஆம்பிளை காலைத் தொடுவதா? டொக்டர் திரும்பி, "ஆராவது ஒரு புள்ள படிக்கிறீங்களா?" என்றார். கையை உயர்த்திவிட்டேன். மாமி அங்கே இல்லை.

சொல்லித் தந்தது:
பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவால் புறங்காலில் மேலே வர வேண்டும். இரண்டு விரல். அழுத்தக்கூடாது. அழுத்தினால் உன் விரலின் துடிப்பே உன்னை ஏமாற்றும்.
அங்கே இல்லாவிட்டால் பயப்படாதே. சிலருக்குப் பிறவியிலேயே அங்கே துடிப்பு இல்லை. உள் கணுக்காலுக்குப் பின்னால் பார்.
இரண்டு இடத்திலும் இல்லாவிட்டால், நடந்தால் நோகிறதா என்று கேள். பிறகு என்னைக் கூப்பிடு.

முப்பது கால்களாவது பார்த்திருப்பேன். ஒரு கிழவி: "என்னகா புள்ள, காலில விழுந்து கிடக்காய்? கலியாணம் சரிவந்திட்டா?" இன்னொருத்தி, "சும்மா இருகா, மாப்பிள எனக்குத்தான் பாக்காங்க."

பெண்களில் எல்லாருக்கும் துடித்தது. ஒருத்தருக்கு மட்டும் புறங்காலில் இல்லை. கணுக்காலில் நன்றாக இருந்தது.

பெ.மா. மில்லில் மூடை தூக்கும் நல்லதம்பி அண்ணனின் காலை டொக்டர் எனக்குக் காட்டினார். "இல்லாததையும் ஒருக்காத் தொட்டுப் பாரு. அப்பத்தான் தெரியும்."

தொட்டேன். மேலே இல்லை. பின்னால் இல்லை. விடியற்காலை ஆற்றுக் கல் போலக் குளிர். அவ்வளவு வெயிலில்.

டொக்டர் அவருக்குச் சொன்னது: "வயல் வட்டைக்குப் போற வாய்க்கால் மண் தூந்து போனா எந்த வயல் முதல் காயும்? கடைசி வயல். கால்தான் உடம்புக்குக் கடைசி வயல். சுருட்ட விடுங்க. ஒவ்வொரு நாளும் நோகுமட்டும் நடங்க, நிண்டு ஆறி மறுகா நடங்க. மூடைய விடுங்க."

நான் கேட்டேன். "சூட்டு ஒத்தடம் வைச்சா?"

"தண்ணி இல்லாத வயலுக்கு வெயில்தான் மருந்தா? நாடி இல்லாத காலுக்குச் சூடே காட்டப்படாது புள்ள. வெந்துபோகும், ஆளுக்குத் தெரியவும் தெரியாது."

கிணற்றடிக்குப் போய் இரண்டு கையையும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது பெ.மா. மேடைக் கதிரையில், சப்பாத்தோடு, சுருட்டோடு. டொக்டர் சிரித்துக்கொண்டு, "போடியார், நீங்களும் ஒருக்கா?"

"என்ட கால ஒருத்தனும் தொடத் தேவையில்ல. கும்பிட வாறவங்களத் தவிர."

எல்லாரும் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை.


சித்திரை 7, ஞாயிறு

பெ.மா. நல்லதம்பி அண்ணனை மில்லிலிருந்து நிற்பாட்டிவிட்டார். படலையில் வந்து நின்று கெஞ்சினார். உள்ளிருந்தே கேட்டேன்.

"நிண்டு நிண்டு தூக்கிறன் போடியார். நிப்பாட்டாதீங்க."

"நிண்டு நிண்டு தூக்க இது என்ன கோயில் வீதியா? விரல் வைச்சுப் பாத்து ஒரு துரை உனக்குச் சீட்டுத் தந்திட்டார் எண்டு சொல்லு. சாட்டுக்கு ஒரு வருத்தம்."

பிறகு மாமியிடம்: "இதுக்குத்தான் சொன்னன், மெசின் எடுக்கணும் எண்டு. விரலால பாத்தா எல்லாச் சோம்பேறியும் நோயாளி."

நாவல் கலர் ரிப்பன் காணவில்லை. எலியாக இருக்கும்.


சித்திரை 10, புதன்

வருசப்பிறப்புப் பலகாரம். கொக்கிசு, முறுக்கு. கை முழுக்க எண்ணெய். இரண்டு கொக்கிசு களவாகத் தின்றேன்.

அப்பாவிடமிருந்து தபாலட்டை. இப்போது தபால் கந்தோருக்குள்ளே இருந்து முத்திரை குத்தும் வேலையாம். கடைசி வரி: "மாமாவின் சொல் கேட்டு நட."

அட்டையைக் கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று நினைத்தேன்.


சித்திரை 14, ஞாயிறு. வருசப்பிறப்பு

எழுத்துக் கோணுகிறது.

காலையில் மருத்துநீர் வைத்துக் குளிப்பு. புதுச் சட்டை (மாமி மகளின் பழையதை வெட்டித் தைத்தது). நல்ல நேரத்தில் கைவிசேசம், பெரியவர் கையால் காசு வாங்குவது. பெ.மா. கதிரையில், வெறுங்கால், பக்கத்தில் வெற்றிலைத் தட்டம். வீட்டுக்காரர், மில்லுக்காரர், அயல் எல்லாம் வரிசையாக அவர் காலில் விழுந்து எழும்பினார்கள். என் முறை வந்தது.

விழுந்தேன். வழக்கமாக விரல் நுனி பட்டும் படாமலும் தொட்டு எழும்புவேன். இன்று இரண்டு கையும் இரண்டு புறங்காலிலும் வைத்தேன். வேண்டுமென்றா, பழக்கமா, தெரியாது. முப்பது கால் பார்த்த விரல்கள் தாமாகவே இடத்துக்குப் போய்விட்டன.

வலது கால்: துடித்தது.

இடது கால்: இல்லை.

விரலை நகர்த்தினேன். இல்லை. மெதுவாக்கினேன். இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தே கிடந்தேன். இல்லை. குளிர்.

மேலே மாமியின் குரல்: "பாருங்க, என்ன மரியாத! எழும்பவே மனசில்ல."

பெ.மா.: "எழும்பு புள்ள, எழும்பு மனே. நல்லாப் படி." தலையில் கை வைத்தார். கையில் வெற்றிலையும் காசும் தந்தார்.

எழும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுவதாக நினைத்து மாமியும் கண்ணைத் துடைத்தா.

நேர்ந்தது பலித்துவிட்டது. பலித்துவிட்டது. பலித்துவிட்டது.


சித்திரை 15, திங்கள்

அவசரப்படக்கூடாது. பிறவியிலேயே இல்லாமலும் இருக்கலாம். கணுக்காலுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். கேள்வியும் இருக்கிறது. ஆனால் கேட்க ஏலாது, பார்க்கத்தான் ஏலும்.

இடது சின்ன விரலில் புதுச் செருப்புக் கடித்த புண். நேற்றே கண்டேன். சிவப்பு இல்லை, மங்கல் நிறம்.


சித்திரை 17, புதன்

பெ.மா. சந்திக்கு நடந்து போனார். மாமி என்னைத் தேங்காய் வாங்க அனுப்பினா. பின்னால் போனேன், ஒரு கம்பம் இடைவெளி விட்டு.

முதலாம் கம்பம், போனார். இரண்டாம் கம்பம், போனார். மூன்றாம் கம்பத்தில் நின்றார். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, "எப்பிடித் தம்பி வியாபாரம்?" சுருட்டுப் பற்றவைத்தார். கடைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்ப நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றார். மதகில் இருந்த கிழவனிடம், "என்ன பெரியவர், சுகமா?" கிழவனுக்கு வாயெல்லாம் பல்.

திரும்ப மூன்று. மாங்காய் விற்கிறவளிடம் விலை கேட்டார். வாங்கவில்லை.

வரும்போதும் அப்படியே. ஒவ்வொரு தரமும் இடது காலைக் கொஞ்சம் தூக்கி, பெருவிரலை மட்டும் நிலத்தில் ஊன்றி நிற்கிறார். அப்பா நின்ற மாதிரியே. அச்சாக அப்பா.

அப்பாவுக்கு நாலு கம்பம். இவருக்கு மூன்றுதான். அப்பாவைவிட மோசம். இதை எழுதும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை என்னவென்று சொல்ல.

தபால்காரன் நின்றால் கள்ளம். போடியார் நின்றால் சுகம் விசாரிப்பு. செங்கலடியில் எல்லாரும் சொல்வது: "போடியாருக்குக் கொஞ்சமும் பெருமை இல்ல. ரோட்டில நிண்டு எல்லாரோடயும் கதைப்பார்."

தேங்காய் ஒன்று அழுகல். மாமி ஏசினா.


சித்திரை 19, வெள்ளி

வெக்கை. நுளம்புக் கடி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெ.மா. சாய்கதிரையில். மாமி: "மாமாட கெண்டக்கால் நோகுதாம். கொஞ்சம் பிடிச்சு விடுகா."

பிடித்தேன். வலது கால் சூடு, மயிர் அடர்த்தி. இடது கால் கெண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து மினுங்குகிறது. மெதுவாகக் கணுக்காலுக்குப் பின்னால் விரலை விட்டேன்.

சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. இலையான் ஒன்று அவருடைய முழங்காலில் இருந்து பறந்தது. என் விரலுக்குள் என் துடிப்பு மட்டும். அழுத்தத்தைக் குறைத்தேன். அதுவும் போய்விட்டது.

இரண்டு இடத்திலும் இல்லை. நடந்தால் நோகிறது. மூன்றும் சரி. டொக்டரைக் கூப்பிட வேண்டிய இடம்.

கூப்பிடவில்லை.

சின்ன விரல் புண் ஆறவில்லை. ஓரம் கறுக்கிறது.

பெ.மா. கண்ணை மூடிக்கொண்டு: "உன்ட கை நல்ல கை மனே. குளிர்ச்சி."

என் கை குளிர்ச்சி இல்லை மாமா. உங்கள் கால்தான்.


சித்திரை 20, சனி

செய்யக்கூடியவை:
ஒன்றும் சொல்லாமல் இருப்பது. புண் தன் வேலையைச் செய்யும்.
23ஆம் தேதிக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் எழும்பிச் சொல்வது. சொன்ன அன்றே மண்டூர் பஸ்.
டொக்டருக்குப் பேர் போடாமல் கடிதம். என் எழுத்து அவருக்குத் தெரியும்.

முதலாவதுதான். அதற்கு ஒரு சத்தமும் வேண்டாம். இரண்டு வருடம் வாயை மூடியிருந்தவளுக்கு இன்னும் இரண்டு மாதம் என்ன?

பெ.மா. இரண்டு கட்டையில் தொங்கிக்கொண்டு ரோட்டில் போவதை நினைத்துப் பார்த்தேன். காற்சட்டையை மடித்து ஊசி குத்தியதை. பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. பிறகு அந்த ஆள் திரும்பினார். அப்பாவின் முகம்.

விளக்கைக் குறைத்துவிட்டேன்.


சித்திரை 22, திங்கள்

மழை, கடைசியில். கூரையில் ஒழுக்கு. கொப்பியின் மூலை நனைந்துவிட்டது.

ஒழுங்காக எழுத வேண்டும். நேரம் இல்லை.

பின்னேரம் மாமி சட்டியில் மணலைப் போட்டு அடுப்பில் ஏற்றினா. "மாமாக்கு வாதம் ஏறிட்டு. ராவு சாப்பிட்ட பிறகு ஒத்தடம் குடுக்கணும். நாளைக்குக் கூட்டத்துக்கு நடந்து போகணுமே மனுசன். நீதான் உங்கட அப்பாக்குக் குடுத்துப் பழகினவள், நீயே முடிஞ்சு பிடி."

நீயே முடிஞ்சு பிடி.

அடுப்படியில் நான் தனியே. மணல் வறுபடுகிற வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியும். சீலைத் துண்டு கையில். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தக் கோயிலும் தராது. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சொன்னதைச் செய்தால் போதும். அவர் சொன்னபடியே. "தெரியல்ல எண்டா இன்னும் சூடாக்கு." அவர் சொல், அவர் கால், என் கை.

வாளித் தண்ணீரை எடுத்துச் சட்டிக்குள் ஊற்றிவிட்டேன். புஸ் என்று புகை. சட்டி வெடித்துவிட்டது.

இரக்கத்தில் இல்லை. இதை வாசிக்கிறவர் அப்படி நினைக்க வேண்டாம். கால் போனால் அவர் அப்பாவைப் போல ஆகிவிடுவார். ஊர் "ஐயோ பாவம் போடியார்" என்று சொல்லும். அப்பாவுக்கு ஒருத்தரும் சொல்லாத சொல். அப்பாவைப் போல இருக்க அவருக்கு என்ன உரிமை? இரண்டு காலும் இருக்க வேண்டும். இரண்டு காலாலும் மண்டூருக்குப் போய், நாலாம் கம்பத்தில் நின்று, அந்தப் படலைக்கு முன்னால், அன்று அவர் சிரிக்க வைத்தவர்கள் எல்லாரும் கேட்க, அப்பாவின் நோவு காலில்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். காலில்லாத ஆளிடம் அதை எப்படிக் கேட்பது?

மாமி ஓடிவந்து கன்னத்தில் அறைந்தா. காது இன்னும் கூவுகிறது. பெ.மா.வும் வந்தார். "என்ன புள்ள இது? பைத்தியமா உனக்கு?"

சொன்னேன். இரண்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வசனம்.

"மாமா, நீங்க மூணாம் கம்பத்தில நிக்கிறீங்க."

மாமிக்கு விளங்கவில்லை. "என்ன கம்பம்? என்ன கதைக்காள் இவள்?"

பெ.மா.வுக்கு விளங்கியது. தன் இடது காலைப் பார்த்தார். பிறகு என் கையை, வருசப்பிறப்பன்று காலைத் தொட்ட இரண்டு கையையும், மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். சாப்பிடவில்லை.

மாமி சொல்லிவிட்டா: "விடியட்டும். உன்ட பெட்டியக் கட்டு."

கட்டிவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சட்டை, புத்தகங்கள், அப்பாவின் தபாலட்டை. இந்தக் கொப்பியையும் கொண்டுபோவதா, உமிக்குள் விடுவதா தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு என்ன சொல்வேன். பத்தாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் மூன்றாவதாக வந்தேன், இங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

நாளைக்குக் கூட்டம். மெசினுக்குத்தான் கை உயர்த்துவார்கள். பித்தளைத் தகடு. நல்லதம்பி அண்ணன்

யாரோ வருகிறார்கள். மாமி இல்லை, மாமிக்குச் செருப்புச் சத்தம் இருக்கும். வெறுங்கால். ஒன்று அழுத்தம், ஒன்று இழுப்பு. சாப்பாட்டறை வரை வந்து நின்றுவிட்டது. நிற்கிறது. அங்கே சுகம் விசாரிக்க ஆள் இல்லை.

திரும்ப வருகிறது.

தட்டுகிறார்.

"மனே." மெதுவாக. மாமிக்குக் கேட்காத குரலில். "முழிச்சா இரிக்காய்?"

திரும்பத் தட்டுகிறார். இரண்டு விரலால்தான், மெதுவாக.

"உன்ட அப்பன்... அவன் எத்தினையாம் கம்பத்தில நிக்கிறவன்?"